மால்டாவின் பழைய தேவாலயங்கள்: எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுவது

ஐந்து நாள் பயணமாகப் பெற்றோருடன் மால்டா செல்லவிருப்பதாகவும், வரலாற்றிலும் கட்டடக் கலையிலும் ஈடுபாடு உண்டு என்றாலும் கத்தோலிக்க மரபு அவ்வளவாகப் பழக்கமில்லை என்றும், அங்குள்ள பழைய தேவாலயங்களில் எவற்றை அவசியம் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர் உள்ள அந்த நாட்டில், சிறிதும் பெரிதுமாக முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலயங்களும் சிற்றாலயங்களும் இருக்கின்றன. வழிகாட்டிப் புத்தகங்கள் அவற்றில் இருபது முப்பதைப் பட்டியலிட்டுவிடும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அலைந்தால் மூன்றாம் நாள் எல்லாக் குவிமாடங்களும் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கிவிடும். ஆகவே குறைவாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மால்டாவின் ஆலயங்களை இரண்டு வகைக் கைகள் கட்டின என்பதை முதலில் மனத்தில் கொள்வது நல்லது. ஒன்று, புனித யோவான் சபையைச் சேர்ந்த வீரத்துறவியரின் கை. ரோட்ஸ் தீவை உதுமானியரிடம் இழந்து ஊரற்றுத் திரிந்த இந்தச் சபைக்கு, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1530இல் மால்டாவை வழங்கினார். 1798இல் நெப்போலியன் வந்து வெளியேற்றும்வரை, ஐரோப்பாவின் பிரபுக் குடும்பங்களிலிருந்து வந்த இந்தப் போர்வீரத் துறவிகளே தீவை ஆண்டார்கள். அவர்களிடம் பணமும், உரோம், நேப்பிள்ஸ் ஓவியர்களோடு தொடர்பும் இருந்தன. இன்னொன்று, ஊர்க்காரர்களின் கை: உழவரும் கல்தச்சரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாகக் காசு சேர்த்து, பக்கத்து ஊரின் ஆலயத்தைவிடத் தங்களுடையது ஒரு முழமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தோடு கட்டியவை. வீரத்துறவியர் வெளியே எளிமையாகவும் உள்ளே கண்கூசும்படியும் கட்டினார்கள். ஊர்க்காரர்கள் கடலிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி கட்டினார்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் மால்டாவைப் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது கல். தீவில் காடு கிடையாது. உத்தரத்துக்கும் சாரத்துக்கும் வேண்டிய நெடுமரங்களைச் சிசிலி முதலிய இடங்களிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் காலடியிலேயே தேன்நிறச் சுண்ணாம்புக்கல் கிடைத்தது. வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப் பட்டுப்பட்டு இறுகும் கல் அது. வளைவும் குவிமாடமும் நுணுக்கச் செதுக்கு வேலையும் மால்டாவில் இவ்வளவு மலிந்திருப்பதற்கு இந்தக் கல்லும் மரப் பஞ்சமும் முக்கியக் காரணங்கள்.

முதலில் செல்ல வேண்டியது தலைநகர் வலெட்டாவிலுள்ள புனித யோவான் இணைப்பேராலயம். ஒரே ஒரு ஆலயத்துக்குத்தான் நேரம் உண்டு என்றாலும் இதைத்தான் சொல்வேன். 1565இல் உதுமானியப் படை தீவை நான்கு மாதம் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய பிறகு, அந்த வெற்றியின் கையோடு எழுந்த கோட்டை நகரம் வலெட்டா. சபையின் பெருந்தலைவர் ழான் தெ லா கசியேரின் ஆணைப்படி, மால்டாக்காரரான ஜிரோலமோ கஸ்ஸார் 1573 முதல் 1577 வரை இந்த ஆலயத்தைக் கட்டினார். கஸ்ஸார் கோட்டை கட்டிப் பழகிய பொறியாளர் என்பதை முகப்பு மறைக்கவில்லை: இரண்டு சதுரக் கோபுரங்கள், நடுவில் ஒரு மாடம், மற்றபடி வெறுஞ்சுவர். வெளியிலிருந்து பார்த்துவிட்டு, 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று கேட்பவர்கள் உண்டு.

உள்ளே நுழைந்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1661 முதல் 1666 வரை, தென் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த மத்தியா பிரெட்டி என்ற ஓவியர் அந்த நீண்ட வளைகூரை முழுவதையும் திருமுழுக்கு யோவானின் வாழ்க்கைக் காட்சிகளால் நிறைத்தார். ஈரச் சுண்ணத்தின் மேல் தீட்டும் வழக்கமான முறையை விட்டு, எண்ணெய் வண்ணத்தை நேரடியாகக் கல்லின் மேல் பூசினார். சன்னல்களை ஒட்டிச் சாய்ந்தும் அமர்ந்தும் இருக்கும் உருவங்களைக் கூர்ந்து பாருங்கள். அவை சிலைகள் என்றே முதலில் தோன்றும். அவற்றின் நிழலையும் சேர்த்து அவர் தீட்டியிருப்பதே காரணம். சுவர்களில் பொன் பூசிய இலையும் கொடியும் சபையின் சின்னமான எட்டுமுனைச் சிலுவையும் புடைத்து நிற்கின்றன. அவை வேறிடத்தில் செய்து கொண்டுவந்து ஒட்டப்பட்டவை அல்ல. சுவரின் கல்லையே அங்கேயே செதுக்கி, மேலே பொன் பூசியிருக்கிறார்கள்.

கூரையிலிருந்து கண்ணை இறக்கித் தரையைப் பார்த்தால் அதுவும் ஓர் ஓவியக் கூடம். ஏறத்தாழ நானூறு வீரத்துறவியரின் கல்லறைப் பலகைகள் இடைவெளியின்றிப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல வண்ணச் சலவைக்கல்லை வெட்டிப் பொருத்திய குலச்சின்னம், அரிவாள் ஏந்திய எலும்புக்கூடு, மணற்கடிகாரம், எக்காளம் ஊதும் வானதூதர், கைப்பற்றிய கொடிகள். சாவை இவ்வளவு பகட்டாகக் காட்டிய தரை வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை. கூர்மையான குதிகால் வைத்த செருப்புடன் வருவோரை உள்ளே விடமாட்டார்கள். கல்லில் குழி விழுந்துவிடும் என்பதால்.

இருபுறமும் உள்ள பக்கச் சிற்றாலயங்கள், சபையின் மொழிப் பிரிவுகளுக்குரியவை. புரோவான்சு, ஒவர்னி, பிரான்சு, இத்தாலி, அரகோன், காஸ்டில்-போர்த்துகல் என ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்றை ஒதுக்கிவிட்டதால், யார் தங்களுடையதை அதிகம் அலங்கரிப்பது என்ற போட்டி இரண்டு நூற்றாண்டு நடந்தது. அரகோன் சிற்றாலயத்தில் பெருந்தலைவர் நிக்கோலாஸ் கொத்தோனரின் நினைவுச்சின்னம் இருக்கிறது. அவருடைய மார்பளவுச் சிலையையும் போர்க் கொள்ளைப் பொருள்களையும் இரண்டு அடிமைகள், ஓர் ஆப்பிரிக்கரும் ஓர் ஆசியரும், தோளில் தாங்குகிறார்கள். செதுக்கிய டொமெனிக்கோ குய்தியின் திறமையை வியக்கும்போதே, இந்தச் சபையின் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களும் நகரின் கோட்டைச் சுவர்களுக்கு உழைத்தவர்களும் யார் என்பதையும் அந்தக் கல் சொல்லிவிடுகிறது. வழிகாட்டிகள் இதை விரைந்து கடந்துவிடுவார்கள். நீங்கள் நின்று பாருங்கள். பீடத்துக்கு அருகிலுள்ள ஃபிலெர்மோஸ் மாதா சிற்றாலயத்தின் வெள்ளிக் கதவுக்கும் ஒரு கதை உண்டு. 1798இல் பிரெஞ்சுப் படை ஆலயத்தின் வெள்ளியையெல்லாம் அள்ளிச் சென்றபோது, இதற்குக் கறுப்புச் சாயம் பூசி இரும்பென்று நம்பவைத்துக் காப்பாற்றினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துக் களைத்த பிறகு கராவாஜ்ஜோவின் ஓவியம் இருக்கும் செபக்கூடத்துக்குச் செல்லாதீர்கள். அங்கே புதிய கண்களோடு செல்ல வேண்டும். முடிந்தால் உள்ளே வந்ததும் முதலில் அதற்குப் போய்விடுங்கள். ஆலயத்தை ஒட்டிய அந்தச் செபக்கூடத்தின் சுவரை, இத்தாலிய ஓவியர் கராவாஜ்ஜோ 1608இல் தீட்டிய 'திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல்' நிறைத்து நிற்கிறது. ஐந்து மீட்டருக்கு மேல் அகலமும் ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட இதுவே அவருடைய மிகப் பெரிய ஓவியம். உரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தலைக்கு விலை வைக்கப்பட்ட நிலையில் ஓடிய கராவாஜ்ஜோ, 1607இல் மால்டா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சபை அவரை வீரராக ஏற்றுக்கொண்டது.

படத்தில் ஆட்கள் எல்லோரும் இடப்பக்கத்தில் நெருங்கிக் கிடக்கிறார்கள். யோவான் தரையில் குப்புற விழுந்திருக்கிறார். வாள் தன் வேலையை முழுதாக முடிக்கவில்லை. வெட்டியவன் ஒரு கையால் அவர் தலைமுடியைப் பற்றிக்கொண்டு, மறுகையால் தன் முதுகுப்புறம் செருகியிருக்கும் குறுங்கத்தியை எடுக்கிறான். சிறைக் காவலன் தட்டை நோக்கி விரல் நீட்டுகிறான். ஓர் இளம்பெண் அதைக் குனிந்து ஏந்துகிறாள். கிழவி ஒருத்தி மட்டும் தலையில் கை வைத்துக்கொள்கிறாள். வலப்பக்கம் ஏறக்குறைய பாதிப் படம் வெறுஞ்சுவர். அதில் கம்பிச் சன்னல் வழியாக இரண்டு கைதிகள் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். யாரும் அலறவில்லை, வானதூதர் யாரும் இறங்கி வரவில்லை. யோவானின் கழுத்திலிருந்து வழிந்த இரத்தத்தில் ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையொப்பமிட்ட ஓவியம் இது ஒன்றுதான்.

சில மாதங்களிலேயே இன்னொரு சச்சரவில் சிக்கிப் புனித ஏஞ்சலோ கோட்டையில் சிறை வைக்கப்பட்ட கராவாஜ்ஜோ, அங்கிருந்து தப்பிச் சிசிலிக்கு ஓடினார். 1608 டிசம்பர் 1ஆம் நாள் சபை கூடி, அழுகிய நாறும் உறுப்பை வெட்டுவதுபோல அவரை விலக்குவதாகத் தீர்மானித்தது. அந்தக் கூட்டம் நடந்தது இதே செபக்கூடத்தில், இதே படத்துக்கு முன்னால். அவருடைய 'எழுதும் புனித ஜெரோம்' ஓவியமும் இந்த ஆலயத்தில்தான் இருக்கிறது. 1984இல் சட்டத்திலிருந்து வெட்டித் திருடப்பட்டு, 1987இல் மீட்கப்பட்டது அது.

வலெட்டாவில் இதற்குப் பிறகு வேறு எதைப் பார்த்தாலும் சற்று மங்கலாகவே தெரியும். எனினும் புனித பவுல் கப்பற்சேத ஆலயத்தை விடவேண்டாம். கைதியாக உரோமுக்குக் கொண்டு செல்லப்பட்ட பவுலின் கப்பல் உடைந்து, பயணிகள் கரையேறிய தீவு தமிழ் விவிலியத்தில் 'மெலித்தா' என்ற பெயரில் வருகிறது. அது மால்டாதான் என்பது மால்டாக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பவுலின் மணிக்கட்டு எலும்பாகப் போற்றப்படும் திருப்பண்டமும், உரோமில் அவர் தலை வெட்டப்பட்டதாகக் கருதப்படும் தூணின் ஒரு துண்டும் இங்கே இருக்கின்றன. மெல்கியோரே கஃபா செதுக்கிய பவுலின் மரச் சுரூபத்தை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 10ஆம் நாள் தெருவில் பவனியாகச் சுமந்து வருவார்கள். மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் பனிபோலக் கொட்டும்.

வெற்றி மாதா ஆலயம் சிறியது. வலெட்டாவில் எழுந்த முதல் கட்டடம் என்பதும், 1566இல் நகரின் அடிக்கல் நாட்டப்பட்ட இடத்தில் நிற்பது என்பதும், நகரை நிறுவிய பெருந்தலைவர் ழான் தெ வலெட்டை முதலில் அடக்கம் செய்தது இங்கேதான் என்பதும் அதன் பெருமைகள். பிற்பாடு அவருடைய உடல் புனித யோவான் ஆலயத்தின் நிலவறைக்கு மாற்றப்பட்டது. நகரின் எல்லாப் படங்களிலும் வருகிற அந்தப் பெரிய முட்டைவடிவக் குவிமாடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கார்மேல் மாதா ஆலயத்தின் மேலுள்ள அது பழையது அல்ல. பழைய ஆலயம் இரண்டாம் உலகப் போரில் சிதைந்ததால் 1958க்குப் பிறகு புதிதாகக் கட்டியது. அதன் பக்கத்திலுள்ள ஊசிக்கோபுரம், பிரித்தானிய அரசி அடிலெய்டின் செலவில் 1839 முதல் 1844 வரை கட்டிய ஆங்கிலிக்கன் ஆலயத்துடையது. இரண்டையும் துறைமுகத்தின் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதே போதும்.

வலெட்டாவிலிருந்து படகில் துறைமுகத்தைக் கடந்தால் பிர்கு. வலெட்டா எழும் முன் வீரத்துறவியரின் தலைநகராக இருந்த ஊர் இது. இங்குள்ள புனித லாரன்ஸ் ஆலயத்தை லொரென்சோ கஃபா 1681 முதல் 1697 வரை புதிதாகக் கட்டினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரோக் எனப்படும் 17ஆம் நூற்றாண்டின் பகட்டான பாணியில் மால்டாவில் எழுந்த ஆலயங்களில் சிறந்தவற்றில் பல இவருடைய கைவண்ணம். மேலே சொன்ன சிற்பி மெல்கியோரே இவருடைய அண்ணன். ஆலயத்துக்கு அருகிலுள்ள சிறு காட்சியகத்தில் தெ வலெட்டின் வாளும் தொப்பியும் வைத்திருக்கிறார்கள். முற்றுகை முடிந்ததும் அவர் நன்றிக் காணிக்கையாகச் செலுத்தியவை என்பது மரபு.

கஃபாவின் தலைசிறந்த வேலை எம்தினாவில் இருக்கிறது. மதில் சூழ்ந்த அந்தப் பழைய தலைநகரில், பவுலை வரவேற்ற தீவின் தலைவர் புபிலியுவின் வீடு இருந்ததாக நம்பப்படும் இடத்தில், இடைக்காலப் பேராலயம் ஒன்று நின்றது. 1693 ஜனவரி 11ஆம் நாள் சிசிலியை நொறுக்கிய நிலநடுக்கம் அதையும் பெரிதும் சிதைத்தது. ஆனால் கஃபா சில ஆண்டுகளுக்கு முன் கட்டிச் சேர்த்திருந்த பீடப்பகுதி மட்டும் நிமிர்ந்து நின்றது. அங்கே பிரெட்டி தீட்டியிருந்த 'பவுலின் மனமாற்றம்' ஓவியமும் தப்பியது. தன் வேலைக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று எந்தக் கட்டடக் கலைஞருக்கும் கிடைத்திருக்காது. 1696இல் தொடங்கிய புதிய பேராலயம் 1702இல் அபிஷேகம் செய்யப்பட்டு, 1705க்குள் குவிமாடத்தோடு நிறைவுற்றது. ஊருக்கு வெளியே வயல்வெளியில் நின்று அந்தக் குவிமாடத்தைப் பாருங்கள். தாழ்ந்த மதிலும் குறுகிய வீடுகளுமாகப் படுத்துக் கிடக்கும் நகரை அது ஒன்றே தூக்கி நிறுத்துகிறது. உள்ளே, பூசை உடைகள் வைக்கும் அறையின் செதுக்கிய பழைய மரக்கதவை மறக்க வேண்டாம்: இடிந்த ஆலயத்தின் தலைவாசலாக இருந்தது அதுதான். அருகிலுள்ள பேராலய அருங்காட்சியகத்தில் செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரவெட்டுப் படங்கள் இருக்கின்றன.

எம்தினாவின் வாயிலைத் தாண்டினால் ரபாத். பவுல் தங்கியதாக நம்பப்படும் குகை அங்குள்ள பங்கு ஆலயத்தின் அடியில் இருக்கிறது. கரையேறிய பவுலின் கையைப் பாம்பு கடித்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிகழ்ச்சியை வைத்து, இந்தக் குகையின் வெண்கல்லைச் சுரண்டி எடுத்த பொடி நஞ்சுமுறிவாக ஐரோப்பா முழுவதும் விற்கப்பட்டது. எவ்வளவு சுரண்டினாலும் குகை பெரிதாவதே இல்லை என்றும் சொல்லிக்கொண்டார்கள். படிகள் செங்குத்தானவை, பெற்றோரை மேலே அமரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் இறங்கிப் பார்க்கலாம்.

இனி ஊர்க்காரர்களின் ஆலயங்கள். அவற்றுள் முதலாவது மொஸ்தா. வட்டவடிவமான விண்ணேற்பு அன்னை ஆலயத்தை 1833இல் தொடங்கினார்கள். வரைந்தவர் ஜோர்ஜோ குரோனே தெ வாசே. முறையான கட்டடக் கலைஞர் என்பதைவிடக் கனவுக்காரர் என்றே அவரைச் சொல்ல வேண்டும்: கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிசின் மிச்சம்தான் மால்டா என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார், அதற்காகப் போலிக் கல்வெட்டு ஒன்றும் உருவாக்கினார். உரோமின் பழைய வட்டக் கோவிலான பாந்தியனை முன்மாதிரியாகக் கொண்டு அவர் வரைந்த திட்டம், அஞ்ஞானிகளின் கோவில் சாயலில் இருக்கிறதென்று ஆயரின் எதிர்ப்பைச் சந்தித்தது. ஊர் அசையவில்லை. பங்குத்தந்தை தன் சேமிப்பைக் கொடுத்தார். மக்கள் ஞாயிறும் விடுமுறையும் கூலியின்றிக் கல் சுமந்தார்கள். பழைய ஆலயத்தை இடிக்காமல் அதைச் சுற்றியே புதியதன் சுவர்களை எழுப்பியதால், அந்த இருபத்தேழு ஆண்டுகளும் திருப்பலி ஒரு நாளும் நிற்கவில்லை; 1860இல் புதியது தயாரானதும் உள்ளிருந்த பழையதை இடித்து வாசல் வழியாக வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். உட்புறம் ஏறத்தாழ 37 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தைச் சாரம் கட்டாமலே, வட்டம் வட்டமாகக் கல் அடுக்கி உயர்த்தியிருக்கிறார்கள். அதன் எடையைத் தாங்கும் சுவரின் கனம் எட்டு மீட்டருக்கும் மேல்.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் பிற்பகல், மாலைத் திருப்பலிக்காக இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தபோது, செருமானிய விமானம் ஒன்று வீசிய குண்டு குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு தரையில் விழுந்து உருண்டது, வெடிக்கவில்லை. யாரும் இறக்கவில்லை. அதே வகைக் குண்டின் மாதிரியை ஆலயத்தில் வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ குண்டைவிட, கூலியில்லாமல் கல் சுமந்த அந்த இருபத்தேழு ஆண்டுகளே பெரிய அதிசயமாகத் தோன்றுகின்றன. முகப்பில் இரண்டு கடிகாரங்கள் இருப்பதையும் கவனியுங்கள். மால்டாவின் பல ஆலயங்களில் இப்படித்தான். திருப்பலி நேரம் தெரியாமல் சாத்தான் குழம்பட்டும் என்று ஒன்றில் தப்பான நேரம் வைத்திருப்பதாக ஊரார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கோசோ தீவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மால்டாவின் வடமுனையிலுள்ள சிர்கேவாவிலிருந்து பெரிய கப்பலில் அரை மணிக்கும் குறைவான பயணம். இறங்கித் தீவின் நடுவிலுள்ள விக்டோரியா நகருக்குச் செல்லும் வழியிலேயே ஷெவ்கியா ஊரின் பெருவட்ட ஆலயம் தென்படும். இது வரலாற்றுப் பழமை உடையது அல்ல. 1952இல் தொடங்கி 1971இல் முடிந்தது. இருந்தும் இந்தப் பதிலில் அதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மொஸ்தாவின் கதை நூறாண்டு கழித்து அப்படியே மறுபடி நிகழ்ந்த இடம் அது. பழைய ஆலயத்தைச் சுற்றிலும் புதியதை எழுப்பி, ஊர் மக்கள்தொகை முழுவதையும் கொள்ளக்கூடிய, 75 மீட்டர் உயரமான ஆலயத்தைச் சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஓர் ஊர் தன் கைக்காசில் கட்டியது. பழைய ஆலயத்தின் செதுக்கு வேலைப்பாடுகளை வீணாக்காமல் பெயர்த்தெடுத்து, பக்கத்து அறையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களைத் தொடும் தூரத்தில் பார்க்கலாம் என்பதற்காகவே உள்ளே செல்லுங்கள்.

விக்டோரியாவின் கோட்டைக்குள் உள்ள கோசோ பேராலயமும் கஃபாவின் திட்டப்படி 1697 முதல் 1711 வரை கட்டியதுதான். வாசலிலிருந்து உள்ளே பார்த்தால் பீடத்துக்கு முன்னால் அழகான குவிமாடம் ஒன்று உயர்ந்து வெளிச்சத்தில் மிதக்கிறது. வெளியே வந்து பார்த்தால் குவிமாடமே இல்லை, கூரை தட்டையாக இருக்கிறது. பணம் போதாமல் குவிமாடம் கட்டாமல் விட்டதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக 1739இல் மெசினாவைச் சேர்ந்த அந்தோனியோ மனுயேலே ஒரு தட்டைத் திரையில் குவிமாடத்தின் உட்புறத்தைத் தீட்டிக் கொடுத்தார். நடுப்பாதையில் மெல்ல முன்னேறியபடி மேலே பார்த்துக்கொண்டே செல்லுங்கள். ஓரிடத்தில் கச்சிதமாக நிமிர்ந்து நிற்கும் குவிமாடம், நேர் கீழே வந்ததும் ஒருபக்கமாகச் சரிந்துவிடும். பெற்றோருக்கு இதுதான் மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தா பீனு திருத்தலம் தீவின் மேற்குப் பக்கம் வயல்வெளியில் தனித்து நிற்கிறது. 1883இல் கார்மினி கிரிமா என்ற உழவர் குடும்பப் பெண், அங்கிருந்த சிற்றாலயத்தைக் கடந்து செல்கையில் மாதாவின் குரலைக் கேட்டதாகச் சொன்னதிலிருந்து அது பெயர் பெற்றது. இப்போதுள்ள பெரிய ஆலயம் 1920களில் தொடங்கியது. பழைய சிற்றாலயம் அதன் பீடத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. பக்க அறைகளின் சுவரெங்கும் நேர்ச்சைப் பொருள்கள்: குழந்தைகளின் சட்டைகள், கட்டுப்போட்ட கைகால்களின் உறைகள், தலைக்கவசங்கள், கைப்பட எழுதிய நன்றிக் கடிதங்கள். வேளாங்கண்ணியின் காணிக்கைக் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இவ்வளவும் பரோக் காலத்தையும் அதன் பின்னையும் சேர்ந்தவை. வீரத்துறவியர் வருவதற்கு முந்தைய மால்டா எப்படி வழிபட்டது என்று அறிய வேண்டுமானால், தெற்கில் சுரிய் ஊருக்கு அருகே ஹால் மில்லியெரியிலுள்ள மங்கள வார்த்தைச் சிற்றாலயத்தைப் பாருங்கள். சுற்றியிருந்த ஊர் எப்போதோ ஆளற்றுப் போய்விட்டது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய இந்த ஒற்றை அறை மட்டும் வயல்களுக்கிடையே மிஞ்சியிருக்கிறது. மரமில்லாத நாட்டில் கூரை எப்படிப் போட்டார்கள் என்பதற்கு இதுவே பாடம்: சுவருக்குச் சுவர் கல்வளைவுகள், அவற்றின் மேல் கற்பலகைகள். வளைவுகளுக்கு இடைப்பட்ட சுவர்களில் புனிதர்கள் பைசாந்தியச் சாயலில், நேராக நின்று நம்மையே பார்க்கிறார்கள். குதிரைமேல் புனித ஜார்ஜியார் மட்டும் அசைவோடு இருக்கிறார். புனித யோவான் ஆலயத்தின் பொன்னுக்குப் பிறகு இந்தக் காவியும் மண்நிறமும் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் இது மாதத்தில் மிகச் சில நாள்களே திறந்திருக்கும், முன்கூட்டியே விசாரிக்காமல் செல்லாதீர்கள்.

செய்முறைக் குறிப்புகள் சில. ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்; மறந்தவர்களுக்குச் சில இடங்களில் சால்வை தருவார்கள், எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. புனித யோவான் ஆலயத்துக்கும் எம்தினா, கோசோ பேராலயங்களுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. புனித யோவான் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை. உங்கள் ஐந்து நாளில் ஞாயிறு வருமானால் அன்று கோசோவை வைத்துக்கொள்ளலாம், திருப்பலி நேரங்களில் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்த்தால் போதும். ஊர் ஆலயங்கள் நண்பகலில் பூட்டப்பட்டு மாலையில்தான் மறுபடி திறக்கும் என்பதால், அவற்றைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. கோடையில் செல்வதானால் ஆகஸ்ட் 10ஆம் நாள் பிர்குவிலும், 15ஆம் நாள் மொஸ்தாவிலும் கோசோவின் விக்டோரியாவிலும் திருவிழா. ஆலயத்தின் உட்புறம் முழுவதும் சிவப்புப் பட்டுத் தொங்கல்களும் வெள்ளிப் பாத்திரங்களுமாக மாறிவிடும். பேண்டு வாத்தியமும் சுரூபப் பவனியும் வாணவேடிக்கையும் நள்ளிரவு தாண்டும். கூட்டம் ஒத்துக்கொள்ளாத பெற்றோர் என்றால், விழாவுக்கு முந்திய நாள் காலையில் செல்லுங்கள்: அலங்காரம் முழுவதும் முடிந்திருக்கும், உட்கார இடமும் கிடைக்கும்.

வரிசை இப்படி இருக்கலாம். முதல் நாள் காலை புனித யோவான் ஆலயம் மட்டும். பிற்பகல் ஓய்வுக்குப் பின் கப்பற்சேத ஆலயம். இரண்டாம் நாள் படகில் பிர்கு. மூன்றாம் நாள் காலை மொஸ்தா, அங்கிருந்து பேருந்தில் கால் மணி தூரத்திலுள்ள எம்தினாவும் ரபாத்தும். நான்காம் நாள் கோசோ. அங்கே பேருந்தை நம்பாமல் ஒரு காரை நாள் முழுவதற்கும் பேசிக்கொள்ளுங்கள், தா பீனுவுக்கும் ஷெவ்கியாவுக்கும் பெற்றோரை அழைத்துச் செல்ல அதுவே வசதி. ஐந்தாம் நாளை ஹால் மில்லியெரி திறந்திருந்தால் அதற்கு வையுங்கள்; இல்லையென்றால் அன்று மீண்டும் கராவாஜ்ஜோவின் செபக்கூடத்துக்கே போகலாம், இன்னொரு நுழைவுச்சீட்டுக்கு அது தகும்.